இரண்டு செயலாளர்கள்

ஜூன் 2

தெரு மேம்பாட்டுக் குழுச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மாநகராட்சியின் பகுதி மேம்பாட்டுத் திட்டம் பற்றித் திட்ட அலுவலர் அனுப்பிய சுற்றறிக்கை தங்களுக்கும் வந்திருக்கும். சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு மூன்றுக்கும் சேர்த்து ஒரே வரைபடம் தயாரிக்க வேண்டும். அதில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கமும் உங்கள் குழுவும் கையெழுத்திட்டு, இம்மாதம் 25ஆம் தேதி நடக்கும் கூட்டத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு கையெழுத்தும் இல்லாவிட்டால் திட்டம் வேறு வார்டுக்குப் போய்விடும் என்று அலுவலர் நேரிலும் சொன்னார்.

எங்கள் சங்கம் தயாரித்த வரைபடத்தை இத்துடன் இணைத்துள்ளேன். உங்கள் தெருவின் கோடியையும் எங்கள் பக்கவாட்டுச் சாலையையும் இணைக்கும் கேட், அதில் நிரந்தரமாக மூடப்பட்டதாகக் காட்டப்பட்டிருக்கிறது. இது பொதுக்குழுவின் முடிவு. 8ஆம் தேதி முதல் கேட் பூட்டப்படும். அதன் பிறகு கேட்டைத் தட்டுவதையும் காவலாளியிடம் வாக்குவாதம் செய்வதையும் தங்கள் தெருவினர் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கையெழுத்திட்ட வரைபடத்தைக் காவலாளியிடமே கொடுத்தனுப்பலாம். தாங்கள் நேரில் வர வேண்டிய அவசியம் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்


ஜூன் 4

பட்டு,

கவரைப் பிரித்ததும் வேறு யாருக்கோ வந்ததைப் பிரித்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் இந்தத் தெருவுக்கு வந்தபோது நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். அன்றிலிருந்து அண்ணி என்று கூப்பிட்ட வாய்க்கு இப்போது "செயலாளர் அவர்களுக்கு" வருகிறது. வரட்டும். தையல் கடையில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுவதில்லை, படிக்க நன்றாகத்தான் இருந்தது.

வரைபடத்தைக் கட்டிங் மேஜை மேல் விரித்துப் போட்டு, கடைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். உங்கள் பக்கம் செடி, பெஞ்சு, நடைபாதை, எல்லாம் பச்சை மயம். எங்கள் பக்கம் வெறும் தாள். தெரு இருக்கிற இடத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறீர்கள். அந்தக் கோட்டில்தான் நாங்கள் இத்தனை குடும்பம் இருக்கிறோம். அதில் ஒரு வீட்டில்தான் நீ பிறந்தாய்.

பாட்டில் கம்பெனி இருந்த நாளிலிருந்து அது நடை பாதை. கம்பெனியை இடித்து உங்கள் கட்டடம் வந்த பிறகும் அந்த வழியாகத்தான் பஸ் ஸ்டாப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூலுக்கும் போகிறோம். அதை மூடினால் மேம்பாலத்துக்கு அடியில் போய், லாரிகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு வர வேண்டும். நீ போய்ப் பார்த்திருக்கிறாயா? கார் வாங்கிய பிறகு போயிருக்க மாட்டாய்.

இன்னொன்று. கட்டடம் கட்டும்போது மண்ணைக் கொட்டி உங்கள் இடத்தை மேடாக்கிவிட்டார்கள். மழை பெய்தால் உங்கள் தண்ணீரெல்லாம் கேட்டுக்கு அடியில் நுழைந்து எங்கள் தெருவில் வந்து நிற்கிறது. தண்ணீர் வரலாம், ஆள் போகக் கூடாது, அப்படித்தானே? அந்தத் தண்ணீரைப் பிடித்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோக உங்கள் பக்கவாட்டுச் சாலையில் ஒரு வடிகால் வேண்டும். அதை வரைபடத்தில் போடு. கேட்டைத் திறந்து போடு. அடுத்த நிமிஷம் கையெழுத்து.

வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறேன். எங்கள் பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று கடைப் பெண்கள் பென்சிலால் வீடுகள் வரைந்துவிட்டார்கள். கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணன் கேட்கிறார்: "இது ரெண்டு சங்கத்துக்குச் சண்டையா, ரெண்டு பொம்பளைக்குச் சண்டையா?" பதில் தெரிந்தால் எழுது.

அண்ணி


ஜூன் 7

அண்ணி,

அண்ணன் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

போன அக்டோபரில் என் பெண் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் பக்கவாட்டுச் சாலையில் நடந்து வந்தாள். உங்கள் தெருவிலிருந்து கேட் வழியாக வந்த பைக் அவள் மேல் ஏறியது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் இன்றைக்கும் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறாள். ஓட்டி வந்தவர் உங்கள் பால்காரர். "அவன் வேகமா வரல, பாவம்" என்று அவருக்காகச் சொன்னது நீங்கள். மறுநாள் காலையில் அதே ஆளிடம் பால் வாங்கியதும் நீங்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், குட்டியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னீர்களே. "பிள்ளைய தனியா விட்டுட்டு வேலைக்குப் போனா இப்படித்தான் ஆகும்." என் வீட்டுக்காரர் வெளியூரில். நான் லேபில் பகல் ஷிஃப்ட். இது உங்களுக்குத் தெரியாததில்லை. நீங்களும் கடை நடத்துகிறவர்தான். உங்கள் மகன் கடைக்குள் துணிமூட்டை மேல் தூங்கி வளர்ந்தவன்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் மறந்திருப்பேன்.

நான் கேட்டை மூடச் சொன்னது உங்களைப் பழிவாங்க அல்ல. இன்னொரு பிள்ளை அந்த இடத்தில் விழக் கூடாது என்று. நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

கேட் நாளை காலை பூட்டப்படும். உயரத்தைக் கூட்டி, மேலே கூர்க்கம்பி வைத்தாகிவிட்டது.

பட்டு


ஜூன் 10

பட்டு,

பூட்டி மூன்று நாளாகிறது. சொல்கிறேன் கேள். மாவு மில்லில் வேலை பார்க்கிற பெண் தினமும் பஸ்ஸைத் தவறவிடுகிறாள். டயாலிசிஸுக்குப் போகிற எலெக்ட்ரீஷியனை அவர் மனைவி மேம்பாலத்துக்கு அடியில் கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், அவர் நடுங்கி நின்றுவிடுகிறார்.

நேற்று என் கடையில் கூட்டம். நிற்க இடமில்லை. "ஒரு கடப்பாரை போதும்க்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் தையல் மிஷின் ஸ்டூல் மேல் ஏறி நின்று, "25ஆம் தேதி வரைக்கும் எவனாவது அந்தப் பூட்டுல கை வச்சான்னா, அவனுக்கு முன்னாடி நான் போய் போலீஸ்ல நிப்பேன்" என்றேன். அமைதியானார்கள். ஆனால் பின்னால் நின்ற ஒருத்தி, "நாத்தனார் மேல அவ்வளவு பாசம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நீ எழுதிய வார்த்தையை நான் சொல்லவில்லை. "தனியா விட்டுட்டியே பட்டு" என்றேன். அவ்வளவுதான். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நடுக்கத்தில் வந்த வார்த்தை. அதற்குப் பிறகு நீயாக ஒரு வாலை ஒட்டவைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்? பால்காரர் வேகமாக வரவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன், பார்த்ததைச் சொன்னேன். குட்டி என் மருமகள் என்பதற்காகப் பார்க்காததைச் சொல்ல வராது.

உன் அண்ணன் ஒன்று சொல்லச் சொன்னார். அவர் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா சொல்ல மாட்டார். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வருகிற டிரான்ஸ்ஃபார்மர் உங்கள் பக்கவாட்டுச் சாலையில் இருக்கிறது. மழைக்காலம். "ஏதாவது ஒண்ணுன்னா உடனே போய் ஃபியூஸ் பிடுங்கணும். கேட் சாவி ஒண்ணு நம்ம கிட்டயும் இருக்கட்டும்னு கேளு" என்றார். கேட்டுவிட்டேன். அவருக்காகவாவது கொடு.

அண்ணி


ஜூன் 12

செயலாளர் அவர்களுக்கு,

சாவி தர இயலாது. மின்சார அலுவலகத்துக்கு எங்கள் காவலாளியின் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. தேவைப்பட்டால் அவர்கள் தொடர்புகொள்வார்கள்.

செயலாளர்


ஜூன் 15

அண்ணி,

நேற்று மழையில் உங்கள் தெருவினர் கேட்டை உடைத்திருக்கிறார்கள். நான் லேபில் இருந்தேன். திரும்பி வந்தபோது பூட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது, கம்பி வளைந்திருந்தது, கட்டடத்தில் பாதிக்கு மின்சாரம் இல்லை. 25 வரைக்கும் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நீங்கள் எழுதிய காகிதம் என் மேஜையில்தான் இருக்கிறது.

சங்கத் தலைவர் எல்லோரையும் அழைத்து கேமராப் பதிவைப் போட்டுக் காட்டினார். கூட்டமாக வந்து உடைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரே ஒரு ஆள். கையில் கடப்பாரை. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, முழங்கால் வலிக்காரர் நிற்கிற மாதிரி ஒரு காலில் சாய்ந்து நின்றுகொண்டு அடிக்கிறார். பூட்டு தெறித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இது யாருன்னு யாருக்காவது தெரியுமா?" என்று தலைவர் கேட்டார்.

தெரியும் என்று நான் சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்க முடிவாகியிருக்கிறது. செயலாளர் கையெழுத்து வேண்டும். நாளை மாலை வரை தள்ளிப்போட்டிருக்கிறேன். அண்ணன் ஏன் இப்படிச் செய்தார்? நீங்கள் சொல்லித்தான் செய்தாரா? நாளைக்குள் எனக்கு எழுதுங்கள்.

பட்டு


ஜூன் 18

பட்டு,

உன் கடிதம் பதினைந்தாம் தேதியே வந்தது. இரண்டு நாள் எனக்குக் கை ஓடவில்லை. உனக்கு ஏன் விளக்கம் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது. அதற்குள் நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். நேற்று அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இப்போது சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. ஸ்கூல் திறக்கிற சமயம், யூனிஃபார்ம் குவிந்து கிடந்ததால் கடை திறந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் உங்கள் மேட்டுத் தண்ணீர் இறங்கி, தெருவில் முழங்கால் அளவு நின்றது. எங்களுக்குப் பழகினதுதான். துணிகளைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தோம். அப்போது வெளியே ஒரு சத்தம். மூலை வீட்டு வாசலில் படுத்திருக்குமே, அந்தச் சிவப்பு நாய். அது தண்ணீரில் இறங்கி மின்கம்பத்துக்குப் பக்கத்தில் போனது. ஒரு குரல் கொடுத்தது. அப்படியே சாய்ந்தது. கம்பத்தில் இருந்த பெட்டி தண்ணீருக்குள் புகைந்துகொண்டிருந்தது.

"தண்ணியில கரண்ட்! யாரும் எறங்காதீங்க!" என்று உன் அண்ணன் வாசலிலிருந்து கத்தினார். ஒவ்வொரு வீட்டுப் படியிலும் ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பால்காரர் வீட்டுச் சின்னது விளையாட்டு என்று நினைத்து ஒரு காலை நீட்டியது. அதன் அம்மா முடியைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். என் கடைக்குள் தண்ணீர் படியேறிக்கொண்டிருந்தது. பெண்களை எல்லாம் கட்டிங் மேஜை மேல் ஏற்றிவிட்டேன். மேஜையின் கால் இரும்பு. அதைச் சொல்லி அவர்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

உன் அண்ணன் மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டார். என்கேஜ்டு. மறுபடியும் என்கேஜ்டு. உங்கள் காவலாளியைக் கூப்பிட்டுத் தொண்டை கிழியக் கத்தினார். அவர் உங்கள் பேஸ்மென்டில் மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாராம், காதில் விழவில்லை. பிறகு உனக்குப் போட்டார்.

"ரிங் போகுது" என்றார். பிறகு, "கட் பண்ணிட்டா" என்றார்.

"இன்னொரு தடவை போடுங்க."

இன்னொரு தடவையும் கட் பண்ணினாய். மூன்றாவது முறையும். எடுக்காமல் விட்டிருந்தால் போன் பையில் இருந்தது என்று நினைத்துக்கொள்ளலாம். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "வேலையா இருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார்.

அதற்கப்புறம் அந்த மனிதர் எங்கள் தெரு வீடுகளின் காம்பவுண்டுச் சுவர் மேல் ஏறினார். நனைந்த சுவர். தேய்ந்த முழங்கால். ஒரு கையில் கடப்பாரை, இன்னொரு கையால் எதைப் பிடிப்பது? ஒரு பக்கம் கரண்ட் ஓடுகிற தண்ணீர். "வேண்டாங்க" என்று வாய்வரைக்கும் வந்தது. மேஜை மேல் நின்ற பெண்களைப் பார்த்தேன். சொல்லவில்லை. அவர் சுவரோடு சுவராக உட்கார்ந்தும் எழுந்தும் போனார். கேட் பக்கம் மேடு, தண்ணீர் இல்லை. அங்கே குதித்துப் பூட்டை உடைத்து உள்ளே போய் ஃபியூஸைப் பிடுங்கினார். தெருவில் எல்லா வீட்டு ஃபேனும் நின்றது. நான் பெண்களை ஒவ்வொருத்தியாக மேஜையிலிருந்து இறக்கிவிட்டேன்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "உடைக்கறதுக்கு முன்னாடி அந்தச் சங்கத்துல யாருக்காவது போன் பண்ணீங்களா?"

"இல்லைங்க" என்றார் உன் அண்ணன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வெளியே வந்ததும் சண்டை போட்டேன். "மூணு தடவை பண்ணினீங்களே, ஏன் இல்லைன்னு சொன்னீங்க? இப்ப கேட்காம கொள்ளாம உடைச்சவன்னு ஆயிடுச்சே!" என்றேன். அவர், "தங்கச்சி பேரு ஸ்டேஷன்ல வரக் கூடாது" என்றார். 25ஆம் தேதி மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வழக்குப் போட்டால் ஓய்வூதியத்துக்கே சிக்கல் வரும் என்று வாசலில் நின்ற ஒருவர் சொன்னார். அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. அவர் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை.

இதை நான் உனக்கு எழுதியது அவருக்குத் தெரியாது.

அண்ணி


ஜூன் 19

அண்ணி,

மூன்று முறையும் "அண்ணன்" என்று பெயர் வந்தது. கேட்டைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார், நீங்கள்தான் தூண்டிவிட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். மூன்றாவது முறை கட் பண்ணும்போது எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

இன்று ஸ்டேஷனுக்குப் போனேன். புகாரை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன். சங்கத்தின் பெயரில் கொடுத்தது, தலைவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவரும் வர வேண்டும் என்கிறார்கள். தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் மரியாதைக்காரர், டீ கொடுத்தார். "இன்னைக்கு கரண்ட்டும்பாங்க, நாளைக்குக் கல்யாணம்பாங்க. ஒரு தடவை விட்டா கேட்டே இருக்காது. உங்க உணர்ச்சியை எல்லாம் சங்கத்துக்குள்ள கொண்டுவராதீங்க" என்றார். பூட்டை உடைத்தவர் என் அண்ணன் என்பதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றும் கேட்டார்.

அண்ணன் எப்படி இருக்கிறார்? கையில் கட்டுப் போட்டிருக்கிறார் என்று காவலாளி சொன்னார். நீங்கள் எழுதவில்லையே.

பட்டு


ஜூன் 22

பட்டு,

கையில் கம்பி கிழித்தது, ஆறு தையல். ஆஸ்பத்திரியில் போட்ட தையல்தான், நான் போடவில்லை. ஆறி வருகிறது.

இத்துடன் ஒரு வரைபடம் இருக்கிறது. உங்கள் வரைபடத்தையே எடுத்து அதன்மேல் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். பக்கவாட்டுச் சாலையில் வடிகால். டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கள் பக்கத்திலிருந்தே போக ஒரு சின்னக் கதவு. கம்பத்துப் பெட்டியைத் தண்ணீர் ஏறாத உயரத்துக்குத் தூக்கி வைப்பது. கேட் இருக்கிற இடத்தில் கேட்டை எடுத்துவிட்டு வளைந்து வளைந்து போகிற இரும்புத் தடுப்பு. ஆள் நடந்து போகலாம், சக்கர நாற்காலி போகலாம். பைக் போக முடியாது.

கடைசியாக எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்துப் பார். பைக் போக முடியாது. யாருடைய பைக்கும். பால் வண்டி, கேஸ் வண்டி, என் கடை யூனிஃபார்ம் கட்டுகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோகிற வண்டி, எல்லாம் மேம்பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். நேற்று இதைத் தெருவில் சொன்னபோது பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். "நாங்க வழி கேட்டா, நீ உன் நாத்தனாருக்கு நல்ல பேரு வாங்கிட்டு வர்ற" என்றார் பால்காரர். எனக்காகப் பேச என் கடைப் பெண்கள் மட்டும்தான். மீதி இருந்தவர்களை வைத்துக் கை தூக்கச் சொல்லி, எண்ணிப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஏன் போட்டேன் என்று கேட்பாய். அந்தச் சின்னது தண்ணீரில் காலை நீட்டியதைப் பார்த்தேன் என்று எழுதினேனே. அன்று அதன் அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கை எட்டுகிற தூரம். இருந்தும் இன்னும் ஒரு நொடி தாமதித்திருந்தால் போயிருக்கும். பக்கத்தில் இருந்தால் மட்டும் பிள்ளையைக் காப்பாற்றிவிட முடியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்னது நீ எழுதிய மாதிரியா, நான் எழுதிய மாதிரியா என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது.

25ஆம் தேதி கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. அன்று உன் அண்ணனோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அவரைத் தனியாக அனுப்பினால் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். வரைபடத்தை நீயே கொண்டுபோ. தெருவின் கையெழுத்து அதில் இருக்கிறது. உன்னுடையதைப் போடுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம்.

அண்ணி


ஜூன் 25, இரவு

அண்ணி,

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். குட்டி சாப்பிடக் கூப்பிடுகிறாள். எழுதிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மண்டல அலுவலகத்து மாடியில் கூட்டம். எங்கள் ஆட்கள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். உங்கள் தெருவிலிருந்து மாவு மில் பெண்ணும் எலெக்ட்ரீஷியனின் மனைவியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். திட்ட அலுவலர் இளம்பெண். சுற்றிவளைக்காமல், "ரெண்டு பக்கமும் ஒரே மேப்தானா?" என்று கேட்டார். நான் சிவப்பு மை வரைபடத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். என் கையெழுத்தையும் போட்டிருந்தேன்.

தலைவர் உடனே எழுந்தார். "இது சங்கம் ஒத்துக்கிட்ட மேப் இல்ல. செயலாளர் சொந்த பந்தத்துக்காகப் போட்ட கையெழுத்து. பூட்டை உடைச்ச ஆள் இவங்க அண்ணன். ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தா நாங்க திறந்துவிட்டிருக்க மாட்டோமா? கேட்கவே இல்லையே!" என்றார். எங்கள் ஆட்கள் எல்லோரும் "அதானே" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அண்ணன் ஸ்டேஷனில் சொன்னதுதானே அவர்களுக்குத் தெரியும்.

நான் எழுந்து நின்றேன். "போன் பண்ணினாரு. எனக்குத்தான் பண்ணினாரு. மூணு தடவை. நான் கட் பண்ணினேன்" என்றேன்.

திட்ட அலுவலர், "ஏன்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கோபத்துல" என்றேன். "சாவி ஒண்ணு வேணும்னு மழைக்கு முன்னாடியே கேட்டாங்க. அதையும் நான்தான் முடியாதுன்னு எழுதினேன்."

அதற்குப் பிறகு எங்கள் மூன்றாவது மாடியில் இருக்கிற பல் டாக்டர் எழுந்தார். என்னோடு அவர் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கடைசி வரிசையைப் பார்த்து, "அன்னைக்கு தண்ணியில எத்தனை வீட்டு வாசல்ல பிள்ளைங்க நின்னாங்க?" என்று கேட்டார். மாவு மில் பெண் ஒவ்வொரு வீடாகச் சொல்ல ஆரம்பித்தாள். குரல் உடைந்து பாதியில் நிறுத்திவிட்டாள். எலெக்ட்ரீஷியனின் மனைவி மீதியைச் சொன்னாள்.

கை தூக்கச் சொன்னார்கள். உடனே எல்லாக் கையும் எழவில்லை. வடிகாலுக்காகப் பக்கவாட்டுச் சாலையைத் தோண்டினால் கார் நிறுத்த இடம் போய்விடும் என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. கடைசியில் நான்கு கை அதிகம். வரைபடம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வேலை இந்த மழைக்காலத்துக்குள் ஆகாது, மழை முடிந்துதான் தொடங்கும் என்று அலுவலர் சொன்னார். அதுவரைக்கும் சாவி ஒன்று அண்ணனிடம் இருக்க வேண்டும் என்று அவரே எழுதிச் சேர்த்தார். தலைவர் புதுப் பூட்டின் சாவியை நாளை மறுநாள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. கை தூக்கிய உறுப்பினர்கள் போட்டார்கள், பெரும்பான்மை இருந்தால் போதும் என்கிறார்கள். காலையில் முதல் வேலையாக ஸ்டேஷனில் கொடுத்துவிடுவேன்.

நான் இப்போது செயலாளர் இல்லை. படியிறங்கும்போதே சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் இருக்கிறது.

இன்று ஸ்டேஷனில் என்ன ஆனது? அண்ணன் என்ன சொன்னார்? நான் அவருக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

பட்டு


ஜூன் 26

பட்டு,

நேற்று ஸ்டேஷனில் ஒன்றும் ஆகவில்லை. நாள் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, சாயங்காலம் "போயிட்டு வாங்க, கூப்பிடறோம்" என்றார்கள். இன்று பத்து மணிக்கு இன்ஸ்பெக்டரே போன் பண்ணி, "உங்க தங்கச்சி வந்திருந்தாங்க. இனிமே நீங்க வர வேண்டாம்" என்றார். உன் அண்ணன் "சரிங்க" என்றார். போனை வைத்த பிறகும் இரண்டு தடவை "சரிங்க" என்றார்.

தெருவில் எனக்கு நல்ல பெயர் இல்லை. வடிகால் வருகிறது என்பதை யாரும் பேசவில்லை, பைக் போகாது என்பதைத்தான் பேசுகிறார்கள். பால்காரர் நம் வீட்டுக்குப் பால் போடுவதை நிறுத்திவிட்டார். குழுவில் வேறு செயலாளரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பேச்சு. பார்க்கட்டும். வேலை தொடங்கும்வரை நான் நகர மாட்டேன்.

உன் கடிதத்தைக் காவலாளி காலையில் கொடுத்தார். உன் அண்ணன் படிக்கட்டும் என்று மேஜையில் வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் படித்தார். அப்புறம் எழுந்து, கட்டுப் போட்ட கையோடு சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினார். நான் போய்ப் போட்டுவிட்டேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அவ வீட்டுக்கு."

"கேட் பூட்டியிருக்கு. சாவி நாளைக்குத்தான்."

"சுத்திப் போறேன்" என்றார்.

மேம்பாலத்துக்கு அடியில், அந்த முழங்காலோடு. ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றேன், கேட்கவில்லை. கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, அவசரம் அவசரமாக இதை எழுதுகிறேன். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். இந்தக் கடிதம் அவர் சட்டைப் பையில்தான் வருகிறது.

உன் வீட்டில் வந்து ஒன்றும் பேச மாட்டார். குட்டியைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, "சரி, வர்றேன்" என்று எழுந்துவிடுவார். விடாதே. காலையில் அவர் எதுவும் சாப்பிடவில்லை. உட்காரவைத்துச் சாப்பாடு போடு.

அண்ணி